கேஸ் எங்கே போனது? ஏசி ரிப்பேரில் ஒன்பது வருட அனுபவம்

வீட்டில் இரண்டு ஏசி. ஹாலில் இருப்பது சாதாரண வகை. படுக்கையறையில் இருப்பது இன்வெர்ட்டர் ஏசி, அதாவது கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வகை. குளிர்காலத்தில் சூடான காற்றும் தரும். வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. இதுவரை ஐந்து மெக்கானிக்குகள் கைவைத்திருக்கிறார்கள். ஐந்தாவதாக வந்தவரைத்தான் நான்கு வருடமாகக் கூப்பிடுகிறோம். அவருக்கும் முன்னால் வந்தவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுத வேண்டுமென ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

மூன்றாவது கோடையில் படுக்கையறை ஏசியில் குளிர்ச்சி குறைந்தது. வந்தவர் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்திப் பார்த்து, “கேஸ் இறங்கிடுச்சு, ஏத்திடலாம்” என்றார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்று இரவே அறை ஜில்லென்று ஆனது. அடுத்த கோடையில் மறுபடியும் அதே தொல்லை. வேறு ஆளைக் கூப்பிட்டோம், அவரும் கேஸ் ஏற்றினார். அதற்கடுத்த வருடம் இன்னொருவர். அடுப்பு சிலிண்டர் மாதிரி இதுவும் தீர்ந்துபோகிற பொருள் என்றுதான் நான் நம்பியிருந்தேன். மூன்று பேரில் ஒருவர்கூட அப்படி இல்லை என்று சொல்லவில்லை.

அதே வருடம் ஹால் ஏசியும் படுத்துவிட்டது. வெளியே இருக்கும் யூனிட்டில் ஃபேன் சுற்றும், கம்ப்ரசர் மட்டும் ‘உம்’மென்று முனகிவிட்டு நின்றுவிடும். நான்காவதாக வந்தவர் மூடியைக்கூடக் கழற்றாமல், “கம்ப்ரசர் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க” என்றார். வாங்கியும் இருப்போம். பக்கத்து வீட்டு அக்காதான், எதற்கும் ஒரு தடவை இவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று ஒரு நம்பர் கொடுத்தார்.

வந்தவர் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். மூடியைத் திறந்து, கம்ப்ரசரைக் கிளப்பிவிட உதவும் கெபாசிட்டரில் தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கிய பிறகுதான் அதைத் தொட்டார். (மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மிச்சம் இருக்கலாம். தயவுசெய்து வீட்டில் யாரும் கைவைக்காதீர்கள்.) மீட்டரை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். மேலே அச்சிட்டிருந்தது 35 மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் திறனை அளக்கும் அலகு). மீட்டர் காட்டியது 19. கம்ப்ரசர் கிளம்புவதற்கு வேண்டிய உந்துதல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டார். அந்த கம்ப்ரசர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, வந்தவரிடம் படுக்கையறை ஏசியையும் காட்டலாமென்று, வருடா வருடம் கேஸ் ஏற்றுகிறோம் என்று சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: “கேஸ் எங்க போச்சுன்னு யாராவது சொன்னாங்களா?”

ஏசியில் கேஸ் செலவாகாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. மாட்டிய நாளில் இருந்த அதே கேஸ், கடைசிவரை இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். அதுவும் எங்கள் ஏசியில் இருப்பது ஆர்-410ஏ என்ற வகை கேஸ். எடைக்கு எடை பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட 2,000 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. மூன்று வருடம் அதைக் காற்றில் விட்டிருக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

மறுநாள் அவர் செய்த வேலைக்கு அரை நாள் பிடித்தது. மிச்சமிருந்த கேஸைத் தனி சிலிண்டரில் எடுத்துக்கொண்டு, குழாயில் நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவினார். அவுட்டோர் யூனிட்டில் காப்பர் பைப் சேரும் நட்டில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. பைப்பின் விரிந்த வாயில் மயிரிழை அளவு வெடிப்பு. அந்தத் துண்டை வெட்டி, வாயைப் புதிதாக விரித்து மாட்டி, மறுபடி நைட்ரஜன் ஏற்றிக் காத்திருந்தார். கேஜின் முள் இறங்கவில்லை. அப்புறம் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் முக்கால் மணி நேரம் ஓடியது. முன்னால் வந்த மூவரிடமும் அந்தப் பம்பே இல்லை. குழாயில் ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசரை அரிக்கும் என்றார். கடைசியில், அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிராம் என்று பார்த்து, சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த அளவை மட்டும் ஏற்றினார். நான்கு வருடமாக அந்த ஏசிக்கு ஒரு கிராம்கூட ஏற்றவில்லை.

குளிர்காலத்தில் ஒரு இரவு, சூடு வருவது திடீரென்று நின்று வெளி யூனிட்டிலிருந்து புகை மாதிரி கிளம்பியது. பயந்துபோய்ப் போன் செய்தேன். அது புகையில்லை, நீராவி. வெளி யூனிட்டின் காயிலில் (வளைந்து வளைந்து போகும் குழாய்) படிந்த பனியை மெஷினே உருக்குகிறது, பத்து நிமிடம் பாருங்கள் என்றார். அப்படியே ஆனது. வந்து பார்த்துவிட்டுப் பணம் வாங்கியிருக்கலாம், அவர் வரவே இல்லை. எனக்கு அவர்மீது முழு நம்பிக்கை வந்தது அன்றுதான்.

குறை இல்லாமல் இல்லை. கோடை உச்சத்தில் நாலைந்து நாள் காத்திருக்க வேண்டும். ஒரு முறை சர்வீஸ் முடித்துவிட்டு டிரெயின் பைப்பைச் சரியாகச் செருகாமல் போய்விட்டார், சுவரெல்லாம் தண்ணீர். மறுநாளே வந்து சரிசெய்தார், பணம் கேட்கவில்லை. இன்வெர்ட்டர் போர்டில் கோளாறு வந்தபோது, “இது என் வேலை இல்லை, கம்பெனி சர்வீசுக்குச் சொல்லுங்க” என்று ஒதுங்கிக்கொண்டார். அதையும் நல்ல குணமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். வாரண்டி இருக்கும்வரை யாராக இருந்தாலும் கம்பெனி ஆட்களையே கூப்பிடுங்கள். வெளியாள் திறந்தால் வாரண்டி போகக்கூடும்.

எரிவாயுவில் ஓடும் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதில் உரிமம் பெற்றவரைத் தவிர வேறு யாரையும் கைவைக்க விடாதீர்கள். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்துங்கள். அப்படி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரலாம், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதைக் கண்டறியும் அலாரம் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாங்களே கழுவிவிடுகிறோம். மற்றதெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு இருக்கிறது: என்ன பார்த்தார், மீட்டர் என்ன காட்டியது, என்ன மாற்றினார். இந்த வருடப் பக்கத்தில் படுக்கையறை ஏசிக்கு அவர் கையெழுத்தில் ஒரே வரி: “உள்ளே போகும் காற்று 26 டிகிரி, வெளியே வருவது 15. கேஸ் தொடவில்லை.”