கார்பன் செராமிக் பிரேக்: செட்டிநாட்டு ரோட்டுக்குத் தேவையா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று மட்டும் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு வேண்டாம். சமதரை, சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க் (வீலோடு சுழலும் பிரேக் தட்டு) சூடேறி பிரேக் பிடி தளரும் அளவுக்கு இங்கே வேலையே வராது.

போர்ஷே 2001-ல் 911 ஜிடி2-வில் கொடுத்த இந்த கார்பன் செராமிக் டிஸ்க், கார்பன் இழை கலந்த சிலிக்கான் கார்பைடு. இரும்பில் ஏறக்குறைய பாதி எடை. அதனால் ஸ்டீயரிங் துடிப்பாகும். துருப் பிடிக்காது, வீலில் கறுப்புத் தூளும் அதிகம் படியாது. நிற்கும் தூரம் பெரிதாகக் குறையுமென்று மட்டும் நம்பாதீர்கள். ஒற்றை அவசர பிரேக்கில் அது டயரின் பிடிமானத்தைப் பொறுத்தது.

பயமெல்லாம் பஞ்சர் கடையில்தான். வீல் சாய்ந்து டிஸ்க் விளிம்பில் இடித்தால் சில்லு பெயரும். பெரிய சில்லென்றால் டிஸ்க்கையே மாற்ற வேண்டும். மேல் போல்ட்டைக் கழற்றியதும் அந்த ஓட்டையில் வழிகாட்டிப் பின்னைத் திருகி, வீலை நேராக இழுக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடும் இதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

தேய்மானத்தைத் தடிமன் மட்டும் காட்டாது. டிஸ்க்கைக் கழற்றி எடை போட்டு, அதில் பொறித்த குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட வேண்டும். பழைய கார் வாங்குவோர் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் விடாமல் விரட்டினால் கடும் சூட்டில் கார்பன் எரிந்து கரையும். மாற்று டிஸ்க்கின் விலைக்குப் பயந்தே டிராக் ஓட்டிகள் பலர் இரும்புக்கு மாறுகிறார்கள்.