கூகல் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ்: ஒரு இதய மருத்துவருக்கு எந்த எண்?

அக்கா மகன் இதய மருத்துவர். துணைப் பேராசிரியர் பதவிக்கான படிவத்தில் எச்-இண்டெக்ஸ் எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் போன ஞாயிறு சிங்கப்பூர் தேக்காவுக்கே வந்துவிட்டான். "மாமா, மூணு இடத்துல மூணு எண் காட்டுது, எதைப் போடறது?" நான் ஆய்வு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

எச்-இண்டெக்ஸ் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. உங்களுடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் 20, அவ்வளவுதான். கணக்கு ஒன்றே என்றாலும் எந்தத் தளத்தின் கட்டுரைத் தொகுப்பிலிருந்து மேற்கோள்களை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

கூகல் ஸ்காலர் இலவசம், வேகம், பெரும்பாலும் மூன்றிலும் பெரிய எண்ணைத் தருவது அதுதான், அதனால் மருத்துவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆய்வேடு, மாநாட்டுத் தாள், பல்கலைக்கழக இணையத்தளத்தில் கிடக்கும் பிடிஎஃப் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். 2012இல் ஸ்பெயினின் கிரானடா பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றைச் சேர்ந்த மூவர் ஒரு வேலை செய்தார்கள். பண்டானி-கொண்டடோர் என்று இல்லாத ஓர் ஆசிரியரை (ஊக்கமருந்து விவகாரத்தில் அடிபட்ட இரண்டு சைக்கிள் வீரர்களின் பெயர்!) உருவாக்கி, அவர் பெயரில் 6 போலித் தாள்களைப் பல்கலைக்கழக இணையத்தளத்தில் ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் அவர்களுடைய குழுவின் 129 கட்டுரைகளை மேற்கோள் காட்டியது. கூகல் ஸ்காலர் 774 மேற்கோள்களையும் அப்படியே எண்ணிக்கொண்டது. ஒரு கட்டுரையைத் தேடிக் கண்டுபிடிக்க நான் தினமும் முதலில் போவது அங்கேதான். ஆனால் பதவி உயர்வுப் படிவத்தில் அந்த எண்ணை எழுதச் சொல்ல மாட்டேன்.

வெப் ஆஃப் சயின்ஸ் இதற்கு நேர் எதிர். யூஜின் கார்ஃபீல்ட் 1964இல் தொடங்கிய சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸின் வாரிசு, இப்போது கிளாரிவேட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இதழ்களைப் பொறுக்கித்தான் சேர்ப்பார்கள், அதனால் பெரும்பாலும் எண் சின்னதாக வரும். முழுதாகப் பார்க்கச் சந்தா வேண்டும். பழைய தலைமுறைப் பேராசிரியரை மதிப்பிட இதுதான் சரி, ஏனென்றால் எல்செவியர் பதிப்பகத்தின் ஸ்கோபஸில் (அதுவும் 2004இல்தான் வந்தது) 1970க்கு முந்தைய மேற்கோள் கணக்கு மெலிவு. என் அக்கா மகன் பிறந்ததே அதற்கு எவ்வளவோ பின்னால்தான். அவனுக்கு ஸ்கோபஸ் போதும். நடுவான எண், இலவசமாகவே ஆசிரியர் பெயரைத் தேடிப் பார்க்கலாம், சந்தா இருந்தால் சுய மேற்கோளைக் கழித்தும் பார்க்க வழி உண்டு.

ஆனால் எந்தத் தளத்துக்கும் நம் பெயர் ஒரு தலைவலி. தன் பெயர், நடுவே எஸ்/ஓ, அப்புறம் அப்பா பெயர். சில இதழ்கள் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். மூன்று தளங்களில் ஒன்றில் (எதென்று சொல்லப்போவதில்லை) இவனுக்கு இரண்டு கணக்குகள். அதைப் பொறுத்தவரை இவன் கட்டுரைகளில் பாதியை எழுதியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற இவன் அப்பா, அதாவது என் அத்தான். இளம் ஆய்வாளர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே ஓர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) எடுத்துவிடுங்கள், இலவசம்தான்.

சரி, எண்ணைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அது எதைச் சொல்கிறது? இதயவியலில் இது பெரிய சிக்கல். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இன்டர்ஹார்ட், மாரடைப்பு பற்றி 52 நாடுகளில் நடந்த ஆய்வு. சிங்கப்பூரிலிருந்து வழிநடத்தப்பட்ட ஆசியன்-எச்எஃப் என்ற இதயச் செயலிழப்புப் பதிவேடு 11 ஆசிய வட்டாரங்களைச் சேர்த்தது. இப்படிப்பட்ட கட்டுரைகளில் ஆசிரியர் பட்டியல் நீளம். முதலாமவருக்கும் நடுவில் நிற்பவருக்கும் மேற்கோள் ஒரே எடைதான். ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் சிகிச்சை வழிகாட்டி ஒன்றில் ஆசிரியராகப் பெயர் வந்துவிட்டால் மேற்கோள் எண்ணிக்கை குதித்துவிடும்.

இன்னொரு பக்கம், 1972இல் வந்த ஃப்ரீடுவால்ட் கட்டுரை. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லைக் (நல்ல கொழுப்பு) கழித்து, டிரைகிளிசரைடை நம் ஊர் அலகில் (லிட்டருக்கு மில்லிமோல்) 2.2ஆல் வகுத்து அதையும் கழித்தால் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு). எத்தனையோ ஆய்வகங்கள் இந்தச் சூத்திரத்தில்தான் கணக்கிட்டு வந்தன. பலதுறை மருந்தகத்தில் நீங்கள் வாங்கும் ரத்தப் பரிசோதனைத் தாளிலும் அது இருக்கலாம். ஆனால் அந்தத் தாள் யாரையும் மேற்கோள் காட்டாது. கட்டுரைகளில் கிடைத்த மேற்கோளே, உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலுக்குப் போதுமானதாக இருந்தது என்பது வேறு கதை.

தப்பான கட்டுரையும் எண்ணைக் கூட்டும். பியரோ அன்வெர்சாவின் இதயத் தண்டணு (ஸ்டெம் செல்) ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டும் பிரிகாம் மருத்துவமனையும் 2018இல் சொன்னபோது, அவை ஏற்கெனவே வாங்கியிருந்த மேற்கோள்கள் எங்கும் போய்விடவில்லை. திரும்பப் பெற்றதை ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் குறித்துக் காட்டும். இந்த விஷயத்தில் கூகல் ஸ்காலரை நம்ப வேண்டாம்.

நாலாவதாக ஒன்று, பலர் கவனிக்காதது: அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகமான என்ஐஎச்சின் ஐசைட் தளம். ஒரு கட்டுரை வாங்கிய மேற்கோளை அதே துறையில் அதே காலத்தில் வந்தவற்றோடு ஒப்பிட்டு விகிதம் தரும். 1 என்றால் என்ஐஎச் நிதி பெற்ற கட்டுரைகளில் நடுவில் நிற்பதன் அளவு. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தொகுப்பில் உள்ளதை மட்டும்தான் பார்க்கும், ஆனால் மருத்துவரின் முக்கியமான வேலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. குழந்தை மருத்துவரையும் இதய மருத்துவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டுமென்றால் நான் எச்-இண்டெக்ஸைத் தொடவே மாட்டேன், இதைத்தான் எடுப்பேன்.

கடைசியில் ஸ்கோபஸ் எண்ணை எழுதி, பக்கத்தில் தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் போட்டான். அவன் முதல் ஆசிரியராக இருந்த இரண்டு கட்டுரைகளுக்கு ஐசைட் விகிதத்தைக் கீழே சேர்க்கச் சொன்னேன், சேர்த்தான். இரண்டு கணக்கையும் ஒன்றாக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கும் எழுதியாயிற்று. அதுவரை அத்தான் இதய நோய் நிபுணர்தான், போன வாரம் குடும்ப வாட்ஸ்அப்பில் அவரிடம் யாரோ ரத்தக்கொதிப்புக்கு மருந்து கேட்டிருக்கிறார்கள்.