பனியன் ஓட்டமா, அரிசிம்பருப்பா? எங்கள் குட்டைக்குக் காசு சேர்த்த கணக்கு

அவிநாசிப் பக்கம் எங்கள் ஊர்க் குட்டை முழுக்க சீமைக்கருவேலம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தில் தண்ணீர் விடுகிற 1,045 குளம் குட்டைகளில் எங்களுடையதும் ஒன்று. குழாய் வந்தது, தண்ணீரும் வந்தது, ஆனால் முள்ளுக்குள் நிற்கிற தண்ணீரை ஆடுமாடு கூட எட்டிக் குடிக்க முடியவில்லை. முள்ளை எடுக்க ஊராட்சியில் சொல்லி அனுமதி வாங்கியாச்சு. பொக்லைனுக்கு மணிக்கு 1,200 ரூபாய், பதினைந்து மணி நேரமாவது ஓட்ட வேண்டும் என்றார்கள். கையில் இருந்தது பொங்கல் விளையாட்டு விழாவில் மிஞ்சிய 6,000 ரூபாய் மட்டும். அதை விதைப்பணமாக வைத்து 18,000 தேற்ற வேண்டும்.

ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதுதான் செலவே இல்லாத வழி. ஆனால் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. பரிசுக் குலுக்கல் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். 2003 முதல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை, அந்தப் பேச்சே வேண்டாம் என்று விட்டோம். எங்கள் பக்கத்துக் கிராமிய ஆட்டமான வள்ளி கும்மி அரங்கேற்றம் வைத்தால் கூட்டம் வரும், அதில் சந்தேகமே இல்லை. கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் பக்கத்துக் கும்மிக் குழுக்களுக்கெல்லாம் தங்களுக்கே கொடுத்த மாதிரி இருந்தது. ஆனால் மைக் செட்டுக்கும் விளக்குக்கும் நாம் செலவு செய்ய வேண்டும், வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். காசு வராது.

மிஞ்சியது இரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், ஓடுகிறவர்களுக்கெல்லாம் அச்சடித்த பனியன். இல்லாவிட்டால் டோக்கன் போட்டு, அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்குகிற அரிசிம்பருப்பு சாதம்.

இளவட்டங்கள் எல்லாம் ஓட்டத்துக்குத்தான் கை தூக்கினார்கள். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பனியனுக்கா பஞ்சம் என்பது அவர்கள் வாதம், நியாயமான வாதம்தான். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் என் மச்சான் ஊரில் இதே மாதிரி ஓட்டம் நடந்தபோது பனியன் கொடுக்கிற மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். குறைந்தது 300 உருப்படி எடுத்தால்தான் 130 ரூபாய்க்குத் தருவேன் என்றார்கள், ஆக 39,000. பதக்கம், தண்ணீர், மைக் எல்லாம் 9,500. நுழைவுக் கட்டணம் 250 வைத்து வந்தது 212 பேர், 53,000 ரூபாய். கேட்க எவ்வளவு பெரிய தொகை! செலவு போகக் கையில் நின்றது 4,500.

மீதி 88 பனியன் என்ன ஆனது என்பதுதான் என் முடிவுக்கே காரணம். அளவு ஒரு பிரச்சினை: நடுத்தர அளவு முதல் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது, தொளதொளவென்ற பெரிய அளவெல்லாம் அப்படியே கிடந்தது. அதைவிடப் பெரிய பிரச்சினை, முதுகில் தேதி அச்சடித்திருந்தார்கள். தேதி போட்ட பனியனை அடுத்த வருஷம் யாருக்கு விற்பது? திருப்பூர் காதர்பேட்டை பனியன் சந்தையில் கொண்டுபோய்க் காட்டினார்கள், கிலோ விலைக்குக் கேட்டார்கள். 11,440 ரூபாய்ச் சரக்கு மூட்டையாக மச்சான் வீட்டுப் பரண்மேல் ஏறியது. ஆக, எத்தனை விற்கும் என்று தெரிவதற்கு முன்னாலேயே சரக்கெடுக்க வேண்டிய எதுவும் சின்ன முதலுக்கு ஆகாது என்று அன்றே மனதில் பட்டுவிட்டது.

விளம்பரதாரர் பிடித்தால் இந்த நஷ்டம் தெரியாது, உண்மைதான். எங்களுக்கும் ஒரு கம்பெனிக்காரர் தருகிறேன் என்றார், நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வாங்க 80ஜி ரசீது கேட்டார். வருமான வரித்துறையில் அதற்கு அனுமதி வாங்கிய அறக்கட்டளையாக இருந்தால் கொடுக்கலாம், நாங்கள் டீக்கடையில் கூடிப் பேசுகிற ஆட்கள்.

சாப்பாட்டில், விற்பதற்கு முன்னால் சரக்கெடுக்கிற இந்தத் தலைகீழ் இல்லை. டோக்கன் 80 ரூபாய், வெள்ளி சாயங்காலத்தோடு நிறுத்திவிட்டோம், விற்றது 430. சனிக்கிழமைதான் சாமான் வாங்கினோம், அதுவும் டோக்கன் காசில். எங்கள் 6,000-த்தில் கை வைத்தது சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்க மட்டும். அரிசி காங்கேயத்து ஆலையிலிருந்து நேராக வந்தது, தேங்காய் தோப்புக்காரர்கள் சும்மா கொடுத்தது. தயிர், அப்பளம், பாத்திர வாடகை, கூலி எல்லாம் சேர்த்து 14,620. வரவு 34,400. நின்றது 19,780, பதினாறு மணி நேரப் பொக்லைன்.

"ஏனுங், பிரியாணி போட்டா வேண்டாம்னா சொல்லப் போறாங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. நாங்கள் வைத்தது புரட்டாசியில். பாதி ஊர் கவுச்சி தொடாது, கல்யாணமும் அதிகம் இருக்காது, அதனால் சமையல்காரரும் அண்டாவும் சொன்ன நாளுக்குக் கிடைத்தது. பொட்டலம் கட்டுகிற செலவும் குறைவு: தூக்குப்போசி கொண்டுவந்தால் ஒரு கரண்டி கூட என்று அறிவித்தோம், பெரும்பாலும் போசியோடுதான் வந்தார்கள். காசை யாருடைய சொந்தக் கணக்கிலும் வாங்கவில்லை. மகளிர் குழுவின் வங்கிக் கணக்கு, பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அதன் க்யூஆர் அட்டையைத்தான் எல்லா இடத்திலும் ஒட்டினோம். கணக்கு கேட்டு ஒரு சத்தமும் வரவில்லை.

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். விடிகாலை மூன்று மணிக்கு உட்கார்ந்து பன்னிரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரித்த அக்காமார்களுக்குக் கூலி போட்டிருந்தால் லாபத்தில் நல்ல துண்டு விழுந்திருக்கும். வருஷா வருஷம் அவர்களையே கூப்பிட முடியாது. நாங்கள் செய்ததும் ஒரே ஒரு தடவை, அன்று மழையும் இல்லை. மழை பிடித்திருந்தால் எத்தனை போசி வந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. கோயம்புத்தூர் மாதிரி ஊரில், 80ஜி உள்ள அமைப்பு, நாலு விளம்பரதாரர் கையில் என்றால் ஓட்டமே ஜெயிக்கலாம். அப்படி வைப்பதாக இருந்தால் பணம் கட்டியவர்களிடம் அளவு கேட்டு அப்புறம் பனியனுக்குச் சொல்லுங்கள், தேதியை மட்டும் அச்சடிக்காதீர்கள்.

அந்த 88-ல் இருபதை மச்சானிடம் கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் சாப்பாட்டன்று அண்டா தூக்கிய பையன்கள் எல்லாம் முந்தின வருஷத்துத் தேதியை முதுகில் போட்டுக்கொண்டு அலைந்தார்கள்.