மெரினோ கம்பளி என்று சொல்லி அக்ரிலிக் அனுப்பினார்கள், 6,840 ரூபாய் போச்சு: பின்னுகிறவர்கள் கவனம்

நேற்று ராத்திரி அந்தக் கடை என்னை பிளாக் செய்துவிட்டது. 6,840 ரூபாய் போச்சு. ஸ்வெட்டர், ஷால் என்று ஆசையாகப் பின்னுகிற வேறு யாரும் இதே ஆளிடம் மாட்டக் கூடாது என்றுதான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

கடை என்றால் தெருவில் இருக்கிற கடை இல்லை. படமும் ரீல்ஸும் போட்டு, மெசேஜில் ஆர்டர் எடுத்து, கூரியரில் அனுப்புகிற நூல் கடை. நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் உல்லன் நூல் கேட்டால் எடுத்துக் கொடுப்பது அநேகமாக அக்ரிலிக் என்கிற செயற்கை இழைதான். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, வாசல் தோரணம் எல்லாம் பின்ன அது தாராளமாகப் போதும். நானே வருஷக்கணக்காக அதில்தான் குரோஷா போடுகிறேன். ஆனால் அப்பா குன்னூரில் இருக்கிறார். ஜனவரிக் குளிருக்கு அவருக்கு அசல் கம்பளியில் ஒரு கார்டிகன் பின்ன வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மெரினோ ஆட்டுக் கம்பளியில் இழை மெல்லிசு, கழுத்தில் குத்தாது, சூடும் தங்கும். ஐம்பது கிராம் கண்டு 570 ரூபாய் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மெரினோவுக்கு அது நம்பும்படியான விலை. பாதி விலை என்று கூவியிருந்தால் அப்போதே நகர்ந்திருப்பேன்.

என்னை நம்ப வைத்தது அந்தக் கடையில் ஆர்டர் எடுக்கிற பெண்ணின் பேச்சுதான். "நானும் பின்னுறவதான்க்கா" என்று ஆரம்பித்தார். நான்கு மில்லிமீட்டர் ஊசியில் பத்து சென்டிமீட்டருக்கு இருபத்திரண்டு கண்ணி வருகிற கனம் வேண்டும் என்றேன். நூல் கடைகளில் அந்தக் கனத்துக்கு டிகே என்று பெயர். "அப்ப டிகே தான்க்கா. அப்பா நெஞ்சளவு சொல்லுங்க" என்று கேட்டு, பன்னிரண்டு கண்டு போதும், அதிகமா வாங்கிக் காசை வீணாக்காதீங்க என்றார். இப்படிச் சொல்கிற கடைக்காரர் மேல் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? டை லாட் பற்றியும், அதாவது எல்லாக் கண்டும் ஒரே தடவையில் சாயம் போட்டவையா என்றும் கேட்டேன். ஒரே நிறமாக இருந்தாலும் ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் லேசாக மாறும். லாட் கலந்தால் முதுகு ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று பல்லிளிக்கும். உடனே வீடியோ காலில் வந்து, ஒவ்வொரு கண்டாக எடுத்து லேபிளில் இருக்கிற லாட் எண்ணைக் கேமரா பக்கத்தில் பிடித்துக் காட்டினார். பன்னிரண்டும் ஒரே லாட். போனை வைத்த கையோடு 6,840 ரூபாய் அனுப்பினேன்.

வந்த பார்சலில் லேபிளே இல்லை. தொட்டதுமே உறுத்தியது. கம்பளிக்கு இருக்கிற மெத்தென்ற பிடிப்பு இல்லை, வழவழவென்று ஒரு மினுமினுப்பு. மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தேன், ஊசியில் கீச்சென்றது. சரி என்று ஒரு சாண் இழையை வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே கொளுத்தினேன். அசல் கம்பளி தயங்கித் தயங்கி எரியும். நெருப்பை எடுத்தால் தானே அணைந்துவிடும், முடி கருகிய நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். இது குப்பென்று பற்றியது. நெருப்பை எடுத்த பிறகும் உருகி உருகி எரிந்தது, ஒரே கறுப்புப் புகை. ஆறிய பிறகு நுனியில் மிளகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டை. நகத்தால் அழுத்தினேன், நசுங்கவே இல்லை. செயற்கை இழை, சந்தேகமே வேண்டாம். போதாததற்கு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் நாலு கண்டு வேறு சாயம்.

எரித்த வீடியோவை அனுப்பினேன். "சூப்பர்வாஷ் மெரினோ அப்படித்தான்க்கா இருக்கும்" என்றார். சூப்பர்வாஷ் என்பது மெஷினில் துவைத்தாலும் சுருங்காமல் இருக்கக் கம்பளியைப் பதப்படுத்துவது. அதற்காகக் கம்பளி பிளாஸ்டிக் மாதிரி உருகாது. அதைச் சொன்னதும் "கூரியர்ல மாறியிருக்கும்". அடுத்து "குடோன்ல கேட்டுச் சொல்றேன்". அப்புறம் "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா மேடம்? இல்லைன்னா ரிட்டர்ன் கிடையாது". அதுவரைக்கும் அக்கா, பணத்தைக் கேட்டதும் மேடம்! அவர்கள் பதிவுக்குக் கீழே கமெண்ட் போட்டேன், காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் காணோம். அந்தத் தளத்திடமே புகார் கொடுத்தேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று தானாக ஒரு பதில் வந்தது. நேற்று பிளாக்.

6,840 ரூபாய் எனக்குச் சின்னக் காசு இல்லை. அக்கம்பக்கத்தில் பிளவுஸுக்கு ஆரி வேலை போட்டுக் கொடுத்துச் சேர்த்தது. வேலை முடித்து ஊசியோடு உட்கார்கிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. முகம் தெரியாதவர்களுக்குக்கூடக் கண்ணிக் கணக்கு சொல்லித் தருவோம், மிச்ச நூலை அனுப்பி வைப்போம். இந்தப் பழக்கத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு, அதே பேச்சைப் பேசியே பணத்தைப் பிடுங்கியிருக்கிறார். அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

நூல் வாங்குவது பற்றி விவரமாக எழுதலாம் என்றிருந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கம்பளி என்று யார் விற்றாலும் முதலில் ஒரே ஒரு கண்டு வாங்கி எரித்துப் பாருங்கள், மொத்தமாகப் பிறகு. பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். எம்பிராய்டரி நூல் என்றால் சிவப்பையும் கருநீலத்தையும் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத் தைக்க ஆரம்பியுங்கள். ரிட்டர்ன் கிடையாது என்றால் அடங்கிப் போகாதீர்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். ஆன்லைன் பண மோசடிக்கு 1930. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம்.

நான் 1915இல் பதிந்துவிட்டேன். 6,840 ரூபாயை விடப் போவதில்லை. மெரினோ, வீடியோ காலில் லாட் எண், லேபிள் இல்லாத பார்சல் என்று உங்களுக்கும் இதே மாதிரி நடந்திருந்தால் சாட்டையும் பணம் கட்டிய ரசீதையும் அழித்துவிடாதீர்கள், உடனே நீங்களும் புகார் கொடுங்கள்.