பழைய ரைஃபிள் ஸ்கோப் ஆன்லைன் ஏலத்தில் எடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள் (14,700 ரூபாய் போச்சு)

ஆன்லைன் ஏலத்தில் கெட்டுப்போன ஸ்கோப்பை (துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கி) என் தலையில் கட்டிய அதே ஆள், நேற்று ராத்திரி வேறொரு பெயரில் இன்னொன்றை ஏலத்துக்கு விட்டிருக்கிறான். அதே சிவப்புச் சிமெண்டுத் தரை, படத்தின் ஓரத்தில் அதே நீல பிளாஸ்டிக் நாற்காலியின் கால். இந்த முறை 3-9x40 (3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.). "அதிகம் பயன்படுத்தாதது, வீட்டில் இடமில்லாததால் விற்கிறேன்" என்று அதே வசனம். ஆற அமர உட்கார்ந்து விளக்கமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். இதைப் பார்த்த பிறகு பொறுமை இல்லை. என் 14,700 ரூபாயை விழுங்கியவன் அடுத்த ஆளுக்கு வலை விரித்துவிட்டான்.

எனக்குக் கடலூர். கையில் இருப்பது .177 (குழல் விட்டம், அங்குலத்தில்) ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், வெடிமருந்து இல்லாமல் காற்றால் சுடுவது. நெல்லிக்குப்பம் பக்கம் மைத்துனருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே மண்மேட்டை ஒட்டி அட்டை நிறுத்தி, 25 கஜம் அளந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடுவோம். அட்டையைத் தவிர வேறெதையும் சுடுவதில்லை. கொக்கு அடிப்பீங்களா, குயில் அடிப்பீங்களா என்று கேட்டு யாரும் செய்தி அனுப்ப வேண்டாம். 1972ஆம் ஆண்டிலிருந்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

ஸ்பிரிங் ரைஃபிளுக்குக் கண்ட ஸ்கோப்பையும் மாட்ட முடியாது. விசையை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் முட்டி நின்றதும் துப்பாக்கி முன்பக்கமாக ஒரு வெட்டு வெட்டும். ஒரு குண்டுக்கு இரண்டு பக்கமும் அடி. வெடிமருந்துத் துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப் பின்னுதையைத் தாங்கும், இந்த முன்வெட்டைத் தாங்காமல் உள்ளே கழன்றுவிடும். அதனால் ஏர்கன்னுக்கென்றே தயாரானதைத்தான் தேட வேண்டும். கிட்டத்துத் தூரத்துக்கு ஃபோகஸ் செய்ய முன்பக்க வளையமும் வேண்டும். அது இல்லாத ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கஜத்துக்கென்று நிலையாக வைத்துவிடுவார்கள். 25 கஜத்தில் கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறி நகர்கிற மாதிரி தெரியும்.

இதெல்லாம் இருக்கிற 4-12x40 ஒன்று, பெயர்பெற்ற கம்பெனியுடையது, ஏலத்தில் வந்தது. ஏலம் நடத்துவது பழைய பொருள்களுக்கான ஓர் இணையதளம். பெயர் சொல்லவில்லை, இந்த மாதிரி தளங்களில் புழங்குகிறவர்களுக்கு எப்படிப்பட்ட இடம் என்று புரியும். ஆரம்ப விலை 6,000. வாங்குகிறவருக்கு முழுப் பாதுகாப்பு என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. பணமும் தளத்தின் வழியாகத்தான் கட்டினேன், தனியாக யாருக்கும் அனுப்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "நேரா ஜிபே பண்ணியிருப்பீங்க" என்று ஆரம்பிக்கிறவர்களுக்காக.

ஏலம் முடியும் ராத்திரி 11,000 வரை சாதாரணமாகப் போனது. அப்புறம் ஒரு ஐடி நுழைந்தது. இதற்கு முன் எதையும் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. நான் ஏற்ற ஏற்ற அதுவும் ஏற்றியது. கடைசியில் 14,500இல் நின்றுகொண்டது, நான் 14,700க்கு எடுத்தேன். இப்போது போய்ப் பார்த்தால் அந்த ஐடியே இல்லை. விற்கிறவனே இன்னொரு பெயரில் உட்கார்ந்து விலை ஏற்றியிருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிறவர்கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். இங்கே போட்டோதான் செவுள்.

ஆனால் நான் நம்பியது போட்டோவை அல்ல. அவன் பேச்சை. ஏலம் முடிவதற்கு முன்பே நம்பர் கொடுத்துப் பேசினான். "அண்ணே, எந்த ரைஃபிள்ல மாட்டப் போறீங்க?" என்றுதான் ஆரம்பித்தான். சொன்னதும், "அப்ப ஸ்டாப்பர் பின் இருக்கிற மவுண்ட்டா பாத்து வாங்குங்க, இல்லாட்டி ஸ்கோப் பின்னாடி நகர்ந்துடும். ரிங்கை ரொம்ப முறுக்கிடாதீங்க, டியூப் நசுங்கிடும்" என்றான். மவுண்ட் என்பது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் கவ்வி, ரிங் அதன் வளையம். இது விஷயம் தெரிந்தவன் பேசுகிற பேச்சு. பெல்லட் (ஏர்கன் குண்டு) எடை பற்றி, குளிர்காலத்தில் குறி இறங்குவது பற்றி அரை மணி நேரம் பேசியிருப்பான். பின்னால் ஒரு குழந்தை அழுதது, "ஒரு நிமிஷம்ணே" என்று போய்ச் சமாதானம் செய்துவிட்டு வந்தான். ஸ்கோப் வழியாக எடுத்த வீடியோவும் அனுப்பினான். எதிர்வீட்டு மாடித் தண்ணீர் டேங்க், அதன் மேல் உட்கார்ந்திருந்த காக்கா, நடுவில் கத்தி மாதிரி கிராஸ்ஹேர் (குறுக்கும் நெடுக்குமான குறிக்கோடு). 4இலிருந்து 12 வரை வளையத்தைத் திருப்பிக் காட்டினான். காக்காவின் கழுத்துச் சாம்பல் வரைக்கும் தெரிந்தது. இதற்கு மேல் ஒருவனிடம் என்ன கேட்பது?

அந்த வீடியோவில் அவன் தொடாத இடம் ஒன்று உண்டு. மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு குமிழ் இருக்குமே, குறியை ஏற்றி இறக்க, இடம் வலம் நகர்த்த. அதை ஒரு கிளிக் கூடத் திருப்பவில்லை.

பார்சல் அழகாக வந்தது. மூன்று சுற்று பபிள் ஷீட், தெர்மாகோல், எல்லாம் பிரமாதம். கண்ணாடி சுத்தம், வெளியில் கீறல் இல்லை. வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன், படம் பளிச். தளத்தில் "பொருள் கிடைத்தது" என்று அழுத்தச் சொல்லி மாற்றி மாற்றி மெசேஜ். அவர்கள் சோதனைக்குத் தரும் அவகாசம் 48 மணி நேரம். அது ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே முடிந்துவிட்டது. இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். ஸ்கோப்பின் நோய் கண்ணாடியில் தெரியாது. மவுண்ட் மாட்டி, சுட்டு, ஜீரோ செய்யும்போதுதான் (குறியும் குண்டும் ஒரே இடத்தில் விழும்படி சரிசெய்யும்போதுதான்) தெரியும். அதற்குத் தோப்போ ரேஞ்சோ வேண்டும், லீவு வேண்டும். அவனுக்கு இது தெரியும். தளத்துக்கும் தெரியும்.

தோப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிளிக் கால் எம்ஓஏ (குறி நகர்வதை அளக்கும் கோண அளவு) என்று குமிழிலேயே எழுதியிருக்கிறது. 100 கஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம், 25 கஜத்தில் அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது பதினாறில் ஓர் அங்குலம். குண்டு இரண்டு அங்குலம் கீழே விழுந்தது, 32 கிளிக் மேலே ஏற்றினேன். ஏறியிருக்க வேண்டும். அசையவில்லை. சுட்டேன், அங்கேயே. மறுபடி சுட்டேன், அங்கேயே. அடுத்த குண்டு திடீரென்று மூன்று அங்குலம் மேலே போய் வலப்பக்கம் விழுந்தது. சரி, இறக்குவோம் என்று கிளிக்கைத் திருப்பி வைத்தால் இடப்பக்கம். உள்ளே கிராஸ்ஹேர் இருக்கும் சிறுகுழாயை ஒரு ஸ்பிரிங் குமிழோடு அணைத்துப் பிடித்திருக்கும். அது போய்விட்டால் கிளிக் சத்தம் மட்டும் கேட்கும், குழாய் தன்னிஷ்டத்துக்கு ஆடும். "மாப்ளே, ஒருவேளை துப்பாக்கியா இருக்குமோ?" என்றார் மைத்துனர். என் பழைய ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினேன். ஐந்து குண்டும் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள்.

அதோடு நிற்கவில்லை. மறுவாரம் விடிகாலைப் பனியில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்கு உட்பக்கம் ஆவி படிந்திருக்கிறது. நல்ல ஸ்கோப்பில் உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பார்கள், ஆவி படியவே கூடாது. புதுச்சேரியில் நேரு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கேமரா லென்ஸ் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வைத்து, கண்பக்கம் இருக்கும் வளையத்தின் இரண்டு காடியையும் காட்டினார். கறுப்புப் பூச்சு பெயர்ந்து, வெள்ளி மாதிரி மின்னியது. அதன் மேல் மார்க்கர் பேனாவால் பூசியிருந்தது. "ஏற்கெனவே தொறந்துருக்காங்க தம்பி. தொறந்து, முடியாம மூடிட்டாங்க" என்றார். டார்ச்சை முன்பக்கத்திலிருந்து சாய்த்து அடித்தபோது, உள் கண்ணாடியின் ஓரத்தில் நூல் நூலாகப் பூஞ்சை. ஆக, கெட்டுப்போனது என்று தெரிந்தே, பூசி மறைத்து, 14,700 ரூபாய்க்கு என் தலையில் கட்டியிருக்கிறான்.

இனி அலைக்கழிப்புப் படலம்.

அவனிடம் கேட்டேன். முதலில், "கொரியர்ல அடிபட்டிருக்கும்." மூன்று சுற்று பபிள் ஷீட்டுக்குள்ளே! அப்புறம், "ஸ்பிரிங் கன்ல மாட்டினா அப்படித்தான் சார், நீங்கதான் உடைச்சிருக்கீங்க." ஸ்பிரிங் ரைஃபிளுக்கு ஏற்றது என்று விளம்பரத்தில் எழுதியவனே அவன்தான். எந்த ரைஃபிள் என்று கேட்டு மவுண்ட் வரைக்கும் புத்தி சொன்னவனும் அவன்தான். மார்க்கர் பூச்சின் போட்டோவை அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. அதோடு அவனுடைய முகப்புப் படம் காணாமல் போனது.

தளத்தில் புகார் போட்டேன். வந்த முதல் பதிலை அப்படியே சொல்கிறேன்: "உங்கள் சாதனத்தை முழுமையாக சார்ஜ் செய்து மீண்டும் முயலவும்." ஸ்கோப்பில் ஏதுடா சார்ஜ்? கண்ணாடியும் குழாயும். இதில் பேட்டரியே கிடையாது என்று எழுதினேன். பேட்டரி விடுபட்டிருந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும் என்று பதில்! மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன். யாரோ ஒரு பெண் கூப்பிட்டு, பாவம், எழுதிக் கொடுத்ததைப் படித்தார். "விற்பனையாளர் பொருள் வேலை செய்வதாக உறுதி செய்துள்ளார் சார்." திருடனிடமே சாட்சி கேட்டிருக்கிறார்கள். புகார் முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு மெயில். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளில் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. முதல் பாதியைக் கச்சிதமாகச் செய்தார்கள், தானாகப் போகும் ஒரு மெயிலில். இரண்டாம் பாதிக்கு நட்சத்திரம் கேட்கிறார்கள்.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப் போனால், "துப்பாக்கி லென்ஸா? லைசன்ஸ் எடுங்க" என்று என்னையே விசாரித்தார் ஒருவர். .177க்கு மேற்போகாத, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசன்ஸ் தேவையில்லை என்று புரியவைக்கவே நேரம் சரியாக இருந்தது. கடைசியில், "பொருள் வந்துடுச்சில்ல? அப்ப சிவில் மேட்டர் சார்." பொருள் வராமலே போயிருந்தால் கேஸ் எடுப்பார்களாம். அதனால்தான் இவன் குப்பையாவது அனுப்புகிறான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து தளத்தின் மேல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடவும் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 14,700 ரூபாய்க்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், இவ்வளவுதான்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று முழுசாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது கை நடுங்குகிறது, அவசரமாக நாலு வார்த்தை. குமிழைத் திருப்பும்போதே ஸ்கோப் வழியாக எடுத்த வீடியோ கேளுங்கள். ஸ்கோப்பை அசையாமல் நிறுத்தி, ஒரு சுவர் மூலையைக் குறியில் வைத்து, மேலே 20 கிளிக், வலம் 20, கீழே 20, இடம் 20. கிராஸ்ஹேர் ஒரு கட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கண்பக்க வளையத்தின் காடிகளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டார்ச் அடித்த படமும். ரிங் அழுத்திய தடம் டியூபில் பள்ளமாக இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சோதனை அவகாசம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள், அதற்குள் சுட்டுப் பார்க்க வழியில்லை என்றால் வேண்டாம். பணமே போய்ப் பொருளே வராவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

சிவப்புச் சிமெண்டுத் தரை, நீல நாற்காலிக் கால். அந்த 3-9x40 ஏலம் நாளை ராத்திரி முடிகிறது. யாராவது அதில் விலை கேட்டிருந்தால், இப்போதே எனக்கு ஒரு செய்தி போடுங்கள். அவன் எனக்கு அனுப்பிய வீடியோவை அனுப்புகிறேன், அதே தண்ணீர் டேங்க்கா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.