ஹோபோ நிக்கல்: கடுக்கன் போட்ட தாத்தாவும் ஐந்து சென்ட் காசும்

ஏழு மாதம் காத்திருந்து அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஒரு ஹோபோ நிக்கலை, அதாவது அதிலுள்ள முகத்தை வேறொரு முகமாகச் செதுக்கி மாற்றிய ஓர் ஐந்து சென்ட் காசைப் பற்றிய மதிப்புரை இது. விலை 180 டாலர். அஞ்சல் செலவையும் சேர்த்தால் நம் மொரீஷியஸ் ரூபாயில் எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. ரோஸ் ஹில்லில் என் வீட்டுக்கு வந்து அதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர், விலையைக் கேட்டதும் காசை மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். மற்றவர்கள் உருப்பெருக்கியை இன்னொரு முறை கேட்டு வாங்கினார்கள். நான் எழுதுவது அந்த இரண்டாம் வகையினருக்கு.

ஐந்து சென்ட் காசை அமெரிக்கர்கள் 'நிக்கல்' என்பார்கள். 1913 முதல் 1938 வரை அங்கே அச்சான இந்தக் காசின் தலைப்பக்கத்தில் அந்நாட்டுப் பழங்குடி ஒருவரின் பக்கவாட்டு முகமும், பூப்பக்கத்தில் ஒரு காட்டெருதும் இருக்கும். ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் என்ற சிற்பி வடித்த அந்த முகம், 21 மில்லிமீட்டர் சொச்சமே அகலமுள்ள காசில் விளிம்பை முட்டுமளவு பெரிதாகவும் நன்றாகப் புடைத்தும் நிற்பதால், செதுக்குகிறவருக்கு வேண்டிய உலோகம் அதில் தாராளமாக உண்டு. சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு வேலை தேடி ஊர் ஊராக அலைந்த ஹோபோ தொழிலாளர்கள், கையில் கிடைத்த கத்தியையும் ஆணியையும் கொண்டு அந்த முகத்தைத் தாடிக்காரராகவோ தொப்பிக்காரராகவோ மாற்றி, ஒரு வேளைச் சோற்றுக்கு ஈடாகக் கொடுத்தார்கள். அவர்களுள் பெயர் நிலைத்தவர்கள் பெர்ட்ரம் வீகண்டும், அவரிடம் தொழில் கற்றவரும் 'போ' என்று அழைக்கப்பட்டவருமான ஜார்ஜ் வாஷிங்டன் ஹியூஸும் ஆவர். காசில் உள்ள 'லிபர்ட்டி' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளையும் கடைசி எழுத்தையும் சுரண்டிவிட்டு, மிஞ்சிய 'பெர்ட்' என்பதையே தம் கையொப்பமாக வைத்துக்கொண்ட வீகண்டின் குறும்புதான் என்னை இந்தப் பித்துக்குள் இழுத்தது என்று சொல்ல வேண்டும்.

முதலில் ஏமாந்தேன். இணையத்தில் ஒரு விற்பனையாளர், 1920களில் செதுக்கப்பட்டது என்று சொல்லி ஒரு தாடிக்காரரை என்னிடம் தள்ளிவிட்டார். லென்ஸை வைத்துப் பார்த்தபோது, காசின் மேடான பகுதிகள் பல கை மாறித் தேய்ந்திருக்க, தாடியின் கோடுகள் மட்டும் நேற்று வெட்டியவைபோல் கூர்மையாக இருந்தன. அவற்றுக்குள் ஏதோ மருந்தைத் தடவிக் கறுப்பேற்றியிருந்தார்கள். உண்மையில் பழைய வேலையாக இருந்தால் வெட்டும் காசும் ஒன்றாகத்தான் தேய்ந்திருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்தக் காசு முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்த ஐந்து கிராம் உலோகம், பெயரில் நிக்கல் இருந்தாலும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது போலி.

அதன் பிறகுதான், பழையதைத் தேடுவதை விட்டுவிட்டு, இன்று உயிரோடிருந்து செதுக்குகிற ஒருவருக்கு எழுதினேன். காத்திருப்போர் பட்டியல் ஏற்கெனவே நீளம் என்பதால் தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நுண்ணோக்கியின் கீழ் காற்றழுத்தத்தில் இயங்கும் சிற்றுளியைக் கொண்டு வேலை செய்கிறவர். முன்பணம் கேட்பார் என்று எண்ணியிருந்தேன். அவரோ முதல் கடிதத்தில், காசில் யாரைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். போர்ட் லூயிஸில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த, தலைப்பாகையும் கடுக்கனுமாக இருக்கும் என் தாத்தாவின் படத்தை அனுப்பினேன். கரும்புத் தோட்டத்தில் முதுகு வளைந்தவர் அந்த ஒரு படத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

இந்த வேலையில் கடினமான இடம் காது. ஃபிரேசரின் முகத்தில் காது தலைமுடிக்குள் மறைந்திருப்பதால், ஹோபோ நிக்கல் செய்கிறவர் இல்லாத காதை அந்த முடியிலிருந்துதான் தோண்டி எடுக்க வேண்டும். பழைய கைவேலையை மதிப்பிடுகிறவர்களும் முதலில் காதைத்தான் பார்ப்பார்கள். அவர் அனுப்பிய முதல் வரைபடத்தில் கடுக்கன், கடற்கொள்ளைக்காரனின் வளையம்போல் காதிலிருந்து தொங்கியது. அது தொங்காது, காது மடலோடு ஒட்டி உட்காரும் என்று நான் எழுத, அவர் கேள்விக்குமேல் கேள்வியாகக் கேட்க, ஐந்தாறு வாரம் இதிலேயே கழிந்தது. எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரங்களில்தான் அவர் தம் தந்தையின் பட்டறையைப் பற்றியும், நான் எங்கள் ஊர்க் காவடியைப் பற்றியும் எழுதத் தொடங்கினோம். வியாபாரக் கடிதங்கள் எப்போது வேறு கடிதங்களாயின என்று எனக்கே தெரியவில்லை.

வந்து சேர்ந்த காசு 1937ஆம் ஆண்டினது. பழங்குடியினரின் இறகுகள் இருந்த இடத்தில் தலைப்பாகையின் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிகின்றன. சின்னஞ்சிறு காது மடலில் கடுகில் பாதிகூட இல்லாத தங்கப் பொட்டைப் பதித்திருக்கிறார். நகாசு வேலை தெரிந்த பத்தர் ஒருவரிடம் காட்டினேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மடிப்பெல்லாம் ஒரே இழுப்புல வந்திருக்கு, ஐயா. கோட்டைத் திருத்தவே இல்லை" என்றார். ஒருவருடைய முகத்தை அழித்துத்தானே என் தாத்தாவின் முகம் வந்தது என்ற எண்ணம் எனக்கும் வராமலில்லை. கன்ன எலும்பை மட்டும் செதுக்கியவர் தொடாமல் விட்டிருக்கிறார், அது இருவருக்கும் பொருந்துகிறது.

குறைகளும் உண்டு. முகத்துக்கு முன்னுள்ள வெற்றிடத்தைச் சமன்படுத்தியதில், சாய்வான வெளிச்சத்தில் மெல்லிய அலைகள் தெரிகின்றன. இந்த விலைக்கு அந்த இடம் கண்ணாடிபோல் இருந்திருக்க வேண்டும். இதைவிடப் பெரிய குறை பூப்பக்கத்தில் இருக்கிறது. தாத்தாவின் பெயரான முத்துசாமியின் முதல் எழுத்தைக் காட்டெருதின் வயிற்றுக்குக் கீழே செதுக்கக் கேட்டிருந்தேன். 'மு'வின் அடிச்சுழி மங்கி, அது 'ம' என்றே தெரிகிறது. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் வரி இந்திக்குக் கீழே இறங்கியதற்காக 1998இல் குரல் எழுப்பி, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறவைத்த ஊர் இது; ஒரு சுழிதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எழுதிக் கேட்டதும், திருப்பி அனுப்பினால் கூலியில்லாமல் சரிசெய்து தருவதாக உடனே ஒப்புக்கொண்டார். போகவர ஆகும் காப்பீட்டுச் செலவை எண்ணி நான்தான் அனுப்பவில்லை.

வாங்க எண்ணுகிறவர்கள் நேராகப் பார்க்கும் படத்தை அனுப்பாமல் பக்கவாட்டில் எடுத்த படத்தை அனுப்புங்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை காசைச் செதுக்குவது அமெரிக்கச் சட்டப்படி குற்றமன்று. ஆனால் அதை நம்பி நம் ஊர்க் காசில் உளியை வைக்கும் முன், இங்குள்ள சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அடுத்த காசுக்குப் பாட்டியின் படத்தை அனுப்பிவிட்டேன். அதோடு தமிழ் அரிச்சுவடியின் உகர வரிசைப் பக்கத்தையும் பிரதியெடுத்து வைத்தேன். போன வாரம் அவரிடமிருந்து ஒரு தாள் வந்தது: பென்சிலால் எழுதிய நாற்பது 'மு', அவற்றில் முப்பதுக்குமேல் சரியாகவே இருக்கின்றன.