பேக் செய்யாத சாக்லேட்: குழந்தைகளோடு செய்ய எது தோது?

ஓவன் இல்லாமல் வீட்டில் சாக்லேட் செய்ய அரை டஜன் வழி இருக்கிறது. ருசியை மட்டும் பார்த்தால் போட்டிக்கே இடமில்லை, நல்ல கோகோ பட்டர் சாக்லேட்டை எதுவும் நெருங்க முடியாது. ஆனால் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றுகொண்டு "நான்தான் ஊத்துவேன்" என்று ஒரு ஆள் கை நீட்டும்போது கணக்கு மாறிவிடுகிறது. அதனால் இங்கே நான் முதலில் பார்ப்பது வேறு மூன்று விஷயங்கள்: குழந்தையின் கைக்கு எவ்வளவு வேலை கிடைக்கிறது, சூடு எந்த இடத்தில் வருகிறது, வாயில் போட எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். ருசிக்கு நாலாவது இடம்தான்.

பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மோல்டு சாக்லேட். உருக்கி ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து, தட்டி எடுத்தால் முடிந்தது. இதிலேயே இரண்டு கட்சி உண்டு: காம்பவுண்ட், அசல் சாக்லேட். கடையில் இரண்டும் ஒரே மாதிரி கட்டியாகத்தான் இருக்கும், உறையின் பின்பக்கம் படித்தால்தான் தெரியும். கொழுப்பு என்ற இடத்தில் கோகோ பட்டர் மட்டும் இருந்தால் அசல். அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் காம்பவுண்ட்.

அசல் சாக்லேட்டில் சிக்கல் கோகோ பட்டரிடம்தான். அது ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. பளபளப்பு, உடைக்கும்போது 'டக்' என்ற சத்தம், 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் நாக்கில் கரைவது, இவையெல்லாம் ஐந்தாவது வகைப் படிகத்தின் குணம். அந்த வகையை வரவழைக்கத்தான் டெம்பரிங் செய்கிறார்கள். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27–28 டிகிரிக்கு ஆறவைத்து, மறுபடி 31–32க்கு ஏற்ற வேண்டும். தெர்மாமீட்டர் வேண்டும், பொறுமை வேண்டும், நடுவில் யாரும் ஸ்பூனைப் பிடுங்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் நடக்காது. டெம்பரிங் செய்யாமல் ஊற்றினாலும் உறையத்தான் செய்யும். ஆனால் மோல்டை விட்டு வராமல் ஒட்டும், விரல் பட்டதும் பிசுபிசுக்கும், சில நாளில் மேற்பரப்பு சாம்பல் நிறத்தில் வெளுக்கும். அந்த வெளுப்பைப் பூஞ்சை என்று நினைத்துத் தூக்கி எறிய வேண்டாம். கொழுப்பு மேலே வந்து படிந்ததுதான், தாராளமாகச் சாப்பிடலாம்.

காம்பவுண்டுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. உருக்கி ஊற்றினால் சின்னத் துண்டுகள் ஃப்ரிட்ஜில் இருபது நிமிடத்துக்குள் இறுகிவிடும், சிலிகான் மோல்டிலிருந்து அழகாகக் கழன்று வரும். நட்சத்திரம், கரடி, எழுத்து என்று எந்த வடிவமும் சரியாக விழும். வாயில் போட்டால்தான் வித்தியாசம் தெரியும், கோகோ பட்டர் மாதிரி சட்டென்று கரையாமல் மெழுகு போன்ற ஒரு படலம் அண்ணத்தில் நிற்கும். குழந்தைகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை, நாம்தான் முகத்தைச் சுளிப்போம்.

என் குறை வேறு. மோல்டு சாக்லேட்டில் குழந்தைக்கு வேலையே இல்லை. உருக்குவது பெரியவர் வேலை, குழிகளில் சிந்தாமல் ஊற்றுவதும் பெரும்பாலும் பெரியவர் தலையில்தான் விழும். குழந்தைக்கு மிஞ்சுவது ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து "ஆச்சா?" என்று கேட்பது. கடைசியில் மோல்டைப் பின்னாலிருந்து அழுத்தித் தள்ளும் அந்த ஒரு நிமிடம் மட்டும் கொண்டாட்டம்.

அப்புறம் தண்ணீர். இது காம்பவுண்டு, அசல் இரண்டுக்கும் பொது எதிரி. கிண்ணத்தில் சாக்லேட் பட்டுப்போல உருகி நிற்கிறது. கழுவிய ஸ்பூனைத் துடைக்காமல் ஒரு பிஞ்சுக் கை உள்ளே விடுகிறது. நாலு கிண்டு கிண்டுவதற்குள் பளபளப்பு போய், கெட்டியாகி, கட்டி கட்டியாகத் திரண்டு கிண்ணத்தின் ஓரத்தை விட்டு விலகிவிடும். சாக்லேட்டில் உள்ள சர்க்கரைத் துகள்கள் அந்தக் கொஞ்சம் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் வினை இது. வேடிக்கை என்னவென்றால், கொஞ்சம் தண்ணீர் கெடுத்ததை நிறையத் தண்ணீர் சரிசெய்யும். சூடான பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடித்துக் கலக்கினால் மறுபடி வழவழப்பாகிவிடும். ஆனால் அது இனி மோல்டில் உறையாது, சாஸாக ஊற்றிச் சாப்பிடலாம். வெள்ளைச் சாக்லேட்டுக்கு நிறம் போட ஆசைப்பட்டாலும் இதே கதைதான். சாதாரண ஃபுட் கலர் தண்ணீரில் கரைத்தது, சாக்லேட்டுக்கென்று எண்ணெயில் கலக்கும் கலர் தனியாக விற்கிறது.

உருக்குவதற்கு டபுள் பாய்லரா (கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்குவது), மைக்ரோவேவா என்றால், குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது என் ஓட்டு மைக்ரோவேவுக்கு. கொதிநீரும் இல்லை, ஆவியும் இல்லை. பாதி பவரில் 30 விநாடி வைத்து, எடுத்துக் கிண்டி, மறுபடி வைக்க வேண்டும். சாக்லேட் உள்ளே உருகினாலும் வெளியே கட்டியின் வடிவம் மாறாமல் இருக்கும். கண்ணை நம்பி இன்னும் ஒரு நிமிடம் வைத்தால் நடுவில் கருகிவிடும். பால் சாக்லேட்டும் வெள்ளைச் சாக்லேட்டும் இன்னும் சீக்கிரம் கருகும்.

இதே உருகிய சாக்லேட்டை மோல்டில் ஊற்றாமல் பட்டர் பேப்பரில் பரப்பிப் பாருங்கள், குழந்தையின் பங்கு சட்டென்று கூடிவிடும். 200 கிராம் சாக்லேட்டை ஏ4 தாள் அளவுக்குப் பரப்பினால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனம் வரும். அதன்மேல் உலர்திராட்சை, நொறுக்கிய பிஸ்கெட், பொரி, ஸ்பிரிங்கிள்ஸ் என்று எதை, எங்கே, எவ்வளவு தூவுவது என்பதெல்லாம் குழந்தையின் முடிவு. (ஒரு மூலையில் மட்டும் மலைபோல் குவியும். விட்டுவிடுங்கள்.) ஈரமான பழத்துண்டு மட்டும் வேண்டாம். இறுகிய பிறகு கையால் உடைப்பதும் அவர்கள் வேலைதான். இதற்கு அச்சு வடிவம் எதுவும் இல்லாததால் டெம்பரிங் சரியாக வராத அசல் சாக்லேட்டையும் பயன்படுத்தலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அன்றைக்கே தின்று தீர்த்தால் வெளுப்பதற்கு அவகாசமே கிடைக்காது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் முழு முந்திரி, பாதாம், வேர்க்கடலை கூடாது, தொண்டையில் சிக்கும். நன்றாகப் பொடித்துத் தூவலாம். அடுத்த வீட்டுக் குழந்தையும் சாப்பிடுமென்றால் நட்ஸ் அலர்ஜி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனாலும் மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை உள்ளவர்களுக்கு என் முதல் தேர்வு பிஸ்கெட் உருண்டைதான். இதில் சூடே இல்லை. 200 கிராம் சாதா பிஸ்கெட்டைக் கெட்டியான கவரில் போட்டு, பூரிக்கட்டையைக் குழந்தையிடம் கொடுத்துவிட வேண்டும். அடித்து நொறுக்க அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் அடுத்த கால்மணி நேரம் நம்மை யாரும் தேட மாட்டார்கள். அதில் இரண்டு டேபிள்ஸ்பூன் கோகோ பவுடரைச் சலித்துச் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, கண்டென்ஸ்டு மில்க்கை 150 கிராமில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைய வேண்டும். முதலில் தளர்வாகத் தெரியும். அவசரப்பட்டு இன்னும் பிஸ்கெட் கொட்டாதீர்கள், பத்து நிமிடத்தில் பிஸ்கெட் தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டு உருட்டும் பதத்துக்கு வந்துவிடும். கையில் லேசாக வெண்ணெய் தடவிக்கொண்டு உருட்டி, கோகோவிலோ தேங்காய்த் துருவலிலோ புரட்டினால் உடனே சாப்பிடலாம். ஒன்று கோலி அளவிலும் ஒன்று எலுமிச்சை அளவிலும் வரும், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கையில் ஒட்டிய மாவை நக்கும் பங்கும் உண்டு. பிஸ்கெட் ஏற்கெனவே வெந்தது என்பதால் பயமில்லை. பிஸ்கெட்டுக்குப் பதில் பச்சை மைதா போடச் சொல்லும் செய்முறைகளைத் தவிர்த்துவிடுங்கள், வேகாத மாவு அப்படியே தின்பதற்கானது அல்ல.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். இது சாக்லேட் வாசனையுள்ள இனிப்பு, சாக்லேட் அல்ல. கோகோ பவுடரில் கோகோ பட்டரைப் பெரும்பாலும் பிழிந்து எடுத்துவிட்டார்கள், அந்த வழவழப்பு இதில் வராது. 50 கிராம் உருக்கிய சாக்லேட்டைச் சேர்த்துப் பிசைந்தால் ஓரளவு தேறும்.

ருசியில் ஜெயிப்பது கிரீம் ட்ரஃபிள், அதாவது கிரீமும் சாக்லேட்டும் கலந்து உருட்டும் மெத்தென்ற உருண்டை. கிரீம் 100 கிராமைக் கொதி வரும்வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய 200 கிராம் டார்க் சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்துக் கலக்கினால் போதும், டெம்பரிங் வேண்டாம். பால் சாக்லேட் என்றால் அளவை 300 கிராம் வரை கூட்ட வேண்டும். பிரச்சினை, உருட்டுவதற்கு முன் குறைந்தது இரண்டு மணி நேரம் குளிர வேண்டும். அதற்குள் சின்னவர்கள் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். சின்னக் கைகளின் சூட்டில் உருண்டையும் நிற்காது. ஒன்பது, பத்து வயதுக்கு மேல் தோதுப்படும். கிரீம் இருப்பதால் ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் முடித்துவிட வேண்டும்.

கம்பிப் பதத்தில் பாகு காய்ச்சி, பால் பவுடரும் கோகோவும் கொட்டிக் கிளறும் முறையைக் குழந்தைகளோடு செய்ய நான் சொல்ல மாட்டேன். பாகின் சூடு 100 டிகிரியைத் தாண்டியது, மேலே தெறித்தால் தண்ணீர் மாதிரி வழிந்தோடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அவர்கள் தூங்கும்போது நீங்கள் செய்துகொள்ளலாம்.

கோகோவைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து உறைய வைப்பது சுலபமோ சுலபம். ஆனால் அந்த எண்ணெய் 24–25 டிகிரியிலேயே உருகிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து இரண்டு கடி கடிப்பதற்குள் பாதி சட்டையில் இருக்கும். இனிப்புக்குத் தேன் சேர்ப்பவர்கள் கவனிக்க: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது.

வீட்டில் ஒரு நாலு வயதும் ஒரு பத்து வயதும் இருந்தால் இரண்டு முறையைச் சேர்த்துவிடலாம். சின்னது பிஸ்கெட் உருண்டை உருட்டட்டும், பெரியது காம்பவுண்டை மைக்ரோவேவில் உருக்கி, ஃபோர்க்கால் ஒவ்வொன்றாக முக்கி எடுக்கட்டும். உருண்டைகளை அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் முக்கும்போது உடையாது. ஆனால் ஜில்லென்று இருக்கும்போதே முக்கினால் மேல்பூச்சு இறுகியதும் விரிசல் விடும், அதனால் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு முக்கச் சொல்லுங்கள்.